நம்மைப் பற்றிய கதையும் நமக்கான கூட்டமும்

அன்புள்ள தம்பிக்கு,

கொல்லிமலையிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. பெயரோ முகவரியோ எழுதவில்லை. பதில் கவர் வீட்டுக்கு வந்தால் யார் கையில் கிடைக்கும், யார் பிரித்துப் படிப்பார்கள் என்ற பயம் உங்களுக்கு இருந்திருக்கும். நானும் ஆணை நேசிக்கும் ஆண்தான். அந்தப் பயத்தோடு பாதி வாழ்க்கையைக் கழித்தவன். அதனால் இதழிலேயே பதில் எழுதுகிறேன். இதே கேள்விகளை மனதில் வைத்துக்கொண்டு யாரிடமும் கேட்காமல் இருக்கும் வேறு சிலருக்கும் இது போய்ச் சேரட்டும்.

இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். நம்மைப் போன்றவர்கள் கதையிலும் சினிமாவிலும் வந்தால் ஒன்று கேலிக்கு ஆளாகிறார்கள், இல்லையென்றால் செத்துப்போகிறார்கள். ஏன் என்பது முதல் கேள்வி. சென்னையில் நம்மவர்கள் கூடும் கூட்டம் ஒன்றுக்கு நண்பர் கூப்பிடுகிறார், அப்படித் தனியாகக் கூடினால் நாமே நம்மை ஊரிலிருந்து ஒதுக்கிக்கொண்டது ஆகாதா என்பது இரண்டாவது. நீங்கள் இவற்றைத் தனித்தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு ஒன்றின் பதில் மற்றொன்றில் இருப்பதாகப் படுகிறது.

முதல் கேள்வியில் நீங்கள் சொல்வது சரி. தமிழ் சினிமாவின் நகைச்சுவைக் காட்சிகளில் ஓர் ஆண் இன்னோர் ஆணைக் கொஞ்சம் நெருங்கித் தொட்டாலே போதும், அரங்கம் சிரிக்கும். 2000-இல் வந்த ‘அப்பு’வில் மகாராணி என்ற பாத்திரம் கொடூர வில்லன். 2011-இல் ‘காஞ்சனா’ ஒரு திருநங்கைக்காகக் கண்ணீர் விட வைத்தது உண்மை. ஆனால் அவர் கொலையுண்டு பேயாக வந்த பிறகுதான் நியாயம் கேட்க முடிந்தது. 2015-இல் ‘ஐ’ படத்தின் திருநங்கை பாத்திரம் அருவருப்பாகச் சித்தரிக்கப்பட்டதை எதிர்த்துத் திருநங்கைகள் போராடினார்கள். 2020-இல் ‘பாவக் கதைகள்’ தொகுப்பின் ‘தங்கம்’ மிகுந்த பரிவோடு எடுக்கப்பட்டது. அதிலும் சத்தார் தன் காதலைத் தியாகம் செய்து, ஊராரால் விரட்டப்பட்டுச் சாகிறார். வெறுப்போடு எடுத்தவர்களும் பரிவோடு எடுத்தவர்களும் நம்மைக் கொண்டுபோய் நிறுத்தும் இடம் ஒன்றாகவே இருக்கிறது.

எழுத்தில் நிலைமை இதைவிட நுட்பமானது. கி. ராஜநாராயணன் ‘கோமதி’ என்ற சிறுகதையில், பெண் சுபாவம் கொண்ட ஒருவரைக் கரிசல் கிராமத்தின் நடுவில் வைத்துப் பார்த்தார். பேசவே கூசிய காலத்தில் அந்தக் கண் பெரிய விஷயம். கரிச்சான் குஞ்சுவின் ‘பசித்த மானிடம்’ 1978-இல் வந்தது. ஆண்களுக்கிடையே உள்ள உறவை மறைக்காமல் எழுதிய நாவல். ஆனால் அந்த உறவு பசியோடும் நோயோடும் பிணைந்தே அதில் வருகிறது. சு. சமுத்திரம் 1990-களில் ஆனந்த விகடனில் ‘வாடாமல்லி’யைத் தொடராக எழுதினார். சுயம்பு என்ற கிராமத்துப் பிள்ளை திருநங்கையாகும் கதையை லட்சக்கணக்கான வீடுகளின் கூடத்துக்குக் கொண்டுபோனது அந்தத் தொடர். இவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். இவர்கள் திறந்த கதவு வழியாகத்தான் பிறகு வந்தவர்கள் உள்ளே வந்தார்கள்.

இருந்தும் வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது, நம் வாழ்க்கை ஊரோடு மோதும் இடம் மட்டுமே. வீட்டைவிட்டு ஓடுவது, அடி வாங்குவது, கடைத்தெருவில் கைதட்டிக் காசு கேட்பது, தூக்கு மாட்டிக்கொண்ட செய்தி நாளிதழில் வருவது. மோதாத நேரத்தில் நாம் எப்படி வாழ்கிறோம் என்பது அவருக்குத் தெரியாது. யாரோடு சேர்ந்து சமைக்கிறோம், எதற்குச் சண்டை போடுகிறோம், யாருக்குக் காய்ச்சல் வந்தால் யார் கஞ்சி வைத்துக் கொடுப்பது? இது தெரியாதவர் கதையை முடிக்க வேண்டி வரும்போது, கையில் இருப்பது சாவு ஒன்றுதான். அந்தச் சாவு வாசகரை அழவைக்கும். வாசகர் அழுது முடித்துவிட்டு, தன் வீட்டில் எதையும் மாற்றாமல் தூங்கப் போகலாம்.

மலையில் பிறந்த உங்களுக்கு இது புதிதல்ல. மலைவாழ் மக்களை நம் சினிமா எப்படிக் காட்டியது? இலை தழை கட்டி, புரியாத சொற்களைக் கூவி, நாயகனையும் நாயகியையும் சுற்றி ஆடுபவர்களாக. சோளக்காட்டுச் சந்தையில் மிளகுக்கு விலை படியாமல் வியாபாரியோடு மல்லுக்கு நிற்கும் உங்கள் அத்தையை எந்தப் படத்தில் பார்த்தீர்கள்? எழுபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி நாமக்கல்லுக்குப் படிக்கப் போகும் உங்களை எந்தக் கதையில் படித்தீர்கள்? சங்கப் புலவர்கள் உங்கள் மலையின் கொல்லிப்பாவையைத் தங்கள் தலைவிக்கு உவமையாக்கினார்கள். தெய்வம் வகுத்த பாவை, காண்பவர் மனத்தை இழுக்கும் அழகு என்றார்கள். அவள் மனதில் என்ன இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. நம்மைப் பற்றிய கதைகளிலும் நெடுங்காலம் நாம் பார்க்கப்படுபவர்களாக மட்டுமே இருந்தோம்.

இது தமிழுக்கு மட்டும் வந்த குறை அல்ல. இங்கிலாந்தில் இ.எம். ஃபார்ஸ்டர் 1913-14-இல் ‘மோரிஸ்’ என்ற நாவலை எழுதினார். இரண்டு ஆண்கள் காதலித்து, கடைசியில் சேர்ந்தே வாழப் போகிறார்கள். மகிழ்ச்சியான முடிவு கட்டாயம் வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். காதலர்கள் தூக்கில் தொங்குவதாக முடித்திருந்தால் வெளியிடுவதில் சிக்கல் இருந்திருக்காது என்றும் பின்குறிப்பில் எழுதி வைத்தார். நாவல் அச்சுக்கு வந்தது 1971-இல், அவர் இறந்து ஓராண்டு கழித்து. அமெரிக்காவில் பேட்ரிசியா ஹைஸ்மித் 1952-இல் இரண்டு பெண்களின் காதல் கதையைப் புனைபெயரில் வெளியிட்டார். அதிலும் இருவரும் சாகவில்லை, பிரியவும் இல்லை. அதற்காகவே முன்பின் அறியாத வாசகர்கள் அவருக்குக் கடிதம் கடிதமாக எழுதினார்கள்.

அந்தக் கடிதங்களை எழுதியவர்களைப் பற்றி அடிக்கடி நினைப்பேன். ஒவ்வொருவரும் ஓர் ஊரில் தனியாக உட்கார்ந்து எழுதினார்கள். பக்கத்துத் தெருவில் இன்னொருவர் அதே புத்தகத்தை ஒளித்து வைத்துப் படித்திருக்கலாம், தெரியாது. உன்னைப் போல் உலகத்தில் வேறு ஆட்களும் இருக்கிறார்கள் என்று ஒரு நல்ல புத்தகம் சொல்லும். அந்த ஆட்களைக் கூட்டி வந்து உங்கள் முன்னால் உட்கார வைக்கப் புத்தகத்தால் முடியாது. உங்கள் இரண்டாவது கேள்வி இங்கேதான் தொடங்குகிறது.

நாமக்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர் எழுத்தாளர் அ. ரேவதி. உங்கள் மலையிலிருந்து இறங்கினால் வரும் சீமைதான் அது. பெண்ணாக உணர்ந்ததற்காக வீட்டில் அடி வாங்கி, பதின்வயதில் வீட்டைவிட்டுப் போய், தில்லியிலும் மும்பையிலும் திருநங்கையரின் ஜமாத்தில் வாழ்ந்தார். பாலியல் தொழிலும் செய்தார், போலீசாரிடமும் ரவுடிகளிடமும் வதைபட்டார். பிறகு பெங்களூரில் ‘சங்கமா’ அமைப்பில் சேர்ந்து வேலை செய்தார். அவர் முதலில் எழுதியது தன் கதையை அல்ல. தமிழ்நாட்டுத் திருநங்கைகள் பலரைச் சந்தித்து, அவர்கள் வாழ்க்கையை அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்டு, ‘உணர்வும் உருவமும்’ என்று தொகுத்தார். அதற்குப் பின்தான் தன் வாழ்க்கையை எழுதினார். வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் 2010-இல் அது ஆங்கிலத்தில் வந்தது. தமிழில் ‘வெள்ளை மொழி’யாக வந்தது. 2019-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக நூலகத்தில், முகப்பில் செதுக்கியிருக்கும் ஹோமர், பிளேட்டோ முதலியோரின் பெயர்களுக்கு மேலே பெண் எழுத்தாளர்களின் பெயர்களைப் பதாகையாகத் தொங்கவிட்டார்கள். டோனி மாரிசன், மாயா ஏஞ்சலோ பெயர்களோடு அ. ரேவதியின் பெயரும் இருந்தது.

இந்த வரிசையைக் கவனியுங்கள் தம்பி. முதலில் கூட்டம், அடுத்து அந்தக் கூட்டத்தின் கதைகளைக் கேட்டல், கடைசியில் தன் குரல். திருநங்கை லிவிங் ஸ்மைல் வித்யாவின் தன்வரலாறு ‘நான் வித்யா’ 2007-இல் வந்தது. திருநங்கை பிரியா பாபு ‘மூன்றாம் பாலின் முகம்’ என்ற நாவலை எழுதினார். இவர்கள் எழுத்தில் சாவு உண்டு, அவமானம் உண்டு. அவற்றோடு சிரிப்பும் உண்டு, பொறாமை உண்டு, புடவை எடுக்கும் ஆசை உண்டு. வெளியிலிருந்து எழுதியவர்களுக்குக் கிடைக்காத அந்த அன்றாடத்தை இவர்களுக்குக் கொடுத்தது சேர்ந்து வாழ்ந்த வாழ்க்கை.

ஜமாத் என்றால் என்னவென்று உங்களுக்கு முழுக்கத் தெரிந்திருக்காது. வீடு துரத்திய பிள்ளையை மூத்த திருநங்கை ஒருவர் மகளாகவோ சேலா என்னும் சிஷ்யையாகவோ ஏற்கிறார். அந்த நாளிலிருந்து அம்மா, பாட்டி, சகோதரிகள் என்று உறவு வந்துவிடும். நிர்வாணம் என்னும் அறுவை முடிந்தால் நாற்பது நாள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறார்கள், நாற்பதாம் நாள் பால் ஊற்றிச் சடங்கு செய்கிறார்கள். சண்டை வந்தால் பெரியவர்கள் கூடிப் பேசித் தீர்ப்பார்கள். சித்திரையில் கூவாகத்தில் அரவானுக்காகத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அறுத்து அழுவதை டிவியில் காட்டுகிறார்கள். அங்கே வருபவர்களுக்கு அது ஆண்டுக்கு ஒருமுறை தோழிகளையும் குருவையும் பார்க்கும் இடமும்கூட. கேமராவுக்குத் தாலியும் ஒப்பாரியும் மட்டும் போதும். போனவருக்கோ விழுப்புரத்து லாட்ஜ் அறையில் விடியவிடியப் பேசிய பேச்சுதான் ஆண்டு முழுவதும் நிற்கும்.

தனிச் சமூகம் என்றால் குறையில்லாத இடம் என்று நான் சொல்ல வரவில்லை. ஜமாத்தில் குருவின் அதிகாரம் பெரிது. சம்பாத்தியத்தில் பங்கு கொடுக்க வேண்டும், விட்டு வெளியேறுவது கஷ்டம். ரேவதி அந்த அன்பையும் எழுதினார், அந்த அடக்குமுறையையும் எழுதினார். சாதி அங்கேயும் உண்டு என்பதைத் திருநங்கைச் செயற்பாட்டாளர் கிரேஸ் பானு விடாமல் பேசிவருகிறார். நம்மவர்களை எல்லாம் சேர்த்துக் குயர் என்று அழைக்கும் நகரத்துக் கூட்டங்களுக்கு வேறு நோய். ஆங்கிலம் தெரிந்தவர் குரல் ஓங்கும், ஊரிலிருந்து வந்தவர் மூலையில் உட்காருவார். நீங்கள் அந்தச் சென்னைக் கூட்டத்துக்குப் போனால் முதல் நாள் அந்நியமாக உணரலாம். அதற்காகத் திரும்பி வந்துவிடாதீர்கள். கொல்லிமலைத் தமிழிலேயே பேசுங்கள். உங்களைப் போல நான்கு பேர் பேசத் தொடங்கினால்தான் அந்தக் கூட்டமும் திருந்தும்.

நம்மைப் போன்ற ஆண்களுக்கும், பெண்ணை நேசிக்கும் பெண்களுக்கும், திருநம்பிகளுக்கும் ஜமாத் போல் வழிவழி வந்த வீடு இல்லை. அதனால் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. சென்னையில் 1998-இல் ‘சகோதரன்’ அமைப்பு வந்தது. பின்னால் ‘ஓரினம்’ வந்தது. அங்கே நம்மவர்களும் வருவார்கள், பிள்ளையைப் புரிந்துகொள்ளத் தவிக்கும் பெற்றோரும் வருவார்கள். 2009 முதல் வானவில் பேரணி நடக்கிறது. 2018-இல் ‘குயர் சென்னை கிரானிக்கிள்ஸ்’ நம் எழுத்துக்கென்றே ஓர் இலக்கிய விழாவைத் தொடங்கியது. அதே ஆண்டில் கிரீஷின் ‘விடுபட்டவை’ தமிழில் வெளிவந்தது. ஆணை நேசிக்கும் ஆண் ஒருவர் தன் பெயரில், தமிழில், தன் அனுபவத்தை எழுதிய புத்தகம். எனக்கு இருபது வயதில் அப்படி ஒன்று கிடைத்திருந்தால் என்று ஏங்க வைத்த புத்தகம்.

நல்ல எழுத்து எங்கேயும் வெளிவருமே, நமக்கென்று தனி விழாவும் பதிப்பகமும் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. உங்கள் மாவட்டத்தில் நடந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். பெருமாள்முருகன் திருச்செங்கோட்டை வைத்து எழுதிய ‘மாதொருபாகன்’ குழந்தையில்லாத கணவன் மனைவியின் கதை. அந்தரங்கத்தை எழுதியதற்காக 2014 இறுதியில் கிளம்பிய எதிர்ப்பு, 2015 ஜனவரியில் எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரையே அறிவிக்க வைத்தது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகுதான் அவர் மீண்டும் எழுத வந்தார். பெயர் பெற்ற எழுத்தாளர், பேராசிரியர், பின்னால் நிற்க வாசகர்களும் பதிப்பாளரும் உள்ளவர். அவருக்கே அந்த நிலை என்றால், முதல் கதையை எழுதும் இருபது வயது குயர் பிள்ளைக்குப் பின்னால் யார் நிற்பது? அடி விழும்போது கூட நிற்க ஆள் வேண்டும். அந்த ஆட்களின் பெயர்தான் சமூகம்.

ஒதுங்கிப்போவது ஆகாதா என்று கேட்டீர்கள். கூடியதால் ஊர் நம்மை நெருங்கியதற்குச் சான்று இருக்கிறது. மதுரையிலிருந்து இரண்டு பெண்கள் வீட்டுக்குப் பயந்து சென்னைக்கு வந்தார்கள். அடைக்கலம் தந்தவை நம்மவர்களோடு வேலை செய்யும் அமைப்புகள். பாதுகாப்புக் கேட்டு அவர்கள் போட்ட வழக்கு சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷிடம் போனது. இந்த விஷயத்தில் தனக்குப் புரிதல் போதாது என்று அவர் நீதிமன்றப் பதிவிலேயே சொன்னார். உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார், நம்மவர்களையும் சந்தித்தார். 2021 ஜூன் 7 அன்று, இப்படிப்பட்டவர்களைப் போலீசார் துன்புறுத்தக் கூடாது, ‘குணப்படுத்துகிறேன்’ என்று யாரும் சிகிச்சை செய்யக் கூடாது என்று ஆணையிட்டார். அந்தச் சிகிச்சை மருத்துவ ஒழுங்கீனம் என்று 2022-இல் தேசிய மருத்துவ ஆணையமும் சொல்லிவிட்டது. 2025 மே மாதம் அதே உயர் நீதிமன்றம், திருமணம் மட்டுமே குடும்பத்துக்கு வழி அல்ல, தேர்ந்துகொண்ட உறவும் குடும்பம்தான் என்று ஏற்றது. மதுரையிலிருந்து வந்த அந்த இரு பெண்களும் யாரும் இல்லாமல் தனியாக ரயிலடியில் நின்றிருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது. கூடி நின்றவர்கள் இருந்ததால் ஒரு நீதிபதியால் கேட்க முடிந்தது, ஒரு மாநிலத்தின் போக்கு மாறியது.

ஆக, தம்பி, தனியாகக் கூடுவது ஊரைவிட்டு விலகுவது என்று எண்ண வேண்டாம். எப்போதும் பிறருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டே இருப்பவனுக்கு யோசிக்க நேரம் கிடைக்காது. விளக்கம் சொல்லத் தேவையில்லாத ஓர் அறையில் கொஞ்ச நேரம் இருந்தால், தன்னைப் பற்றிய முதல் உண்மையான வாக்கியம் வாயில் வரும். அந்த வாக்கியத்தோடு ஊருக்குத் திரும்பலாம். மலையை விடச் சொல்லவில்லை. மிளகுக்கொடி உங்களுடையது, ஆடிப்பதினெட்டுக் கூட்டமும் உங்களுடையது, ஊர்க்கவுண்டர் முன்னால் நின்று பேசும் உரிமையும் உங்களுடையது. அதே சமயம் வீட்டில் சொல்ல அவசரப்படவும் வேண்டாம். படிப்பை முடியுங்கள், கையில் ஒரு சம்பாத்தியம் வரட்டும். யாரிடம், எப்போது சொல்வது என்பதை நீங்கள் மட்டுமே முடிவு செய்ய வேண்டும். மனம் தாங்காத இரவு வந்தால் ஒருவரிடமாவது பேசிவிடுங்கள். சென்னைக்குக் கூப்பிட்ட அந்த நண்பர் அதற்குத்தான் இருக்கிறார்.

ஒன்று கேட்கிறேன். எழுதுங்கள். உங்கள் கடிதத்தில் மொழி இருக்கிறது, எதையும் மிகைப்படுத்தாத கண் இருக்கிறது. பிரச்சினையை எழுத வேண்டும் என்று உட்காராதீர்கள். சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி மிளகு பறிக்கும் இரண்டு பேரை எழுதுங்கள். அதில் ஒருவன் மற்றவனைப் பார்க்கும் பார்வையை எழுதுங்கள். மழையில் நின்றுபோன பஸ், பலாப்பழ வாசம், வீட்டில் பெண் பார்க்கத் தொடங்கியதும் வரும் மௌனம், எல்லாம் வரட்டும். அவர்களுக்குத் துன்பம் வந்தாலும் வரட்டும், மறைக்க வேண்டாம். ஆனால் கதை முடியும்போது இருவரும் உயிரோடு இருக்கட்டும். மறுநாளும் அவர்களுக்கு வேலை இருக்கட்டும், சண்டை போட ஏதாவது இருக்கட்டும். 2025-இல் வந்த ‘காதல் என்பது பொதுவுடைமை’ படத்தில் மகள் தன் காதலியை வீட்டுக்கு அழைத்து வருகிறாள், அம்மா கலங்குகிறாள், யோசிக்கிறாள். சினிமாவே அந்த இடத்துக்கு வந்துவிட்டது. சமவெளியில் உட்கார்ந்திருக்கும் எங்களில் யாராலும் எழுத முடியாத கதை உங்களிடம் இருக்கிறது.

எழுதி முடித்ததும் முதலில் நம்மவர் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே பொய் இருக்கிறது என்று அவர் காட்டுவார். திருத்திவிட்டு எல்லோருக்கும் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்